எந்தப் பக்கம் பூத்திருக்கு?

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் தன் பெண்டாட்டியிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே, சட்டை காய்ந்துவிட்டதா. அதற்கு மேல் அந்த வாயிலிருந்து ஒரு கேள்வி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன பூ பாத்த?" என்று கேட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தாள் என்றே தெரியாமல், பார்த்த பூவையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

அவளை எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் பட்டன் கட்டுவதும் காஜா எடுப்பதும் அவள் வேலை. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கித் தைப்பதற்குக் காஜா என்று பேர். நாள் முழுக்கக் கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து செய்கிற வேலை அது. அவள் வீட்டுக்காரர் ரோட்டு வேலை பார்க்கிறவர். வெகுகாலம் தார் ஊற்றுகிற கோஷ்டியில் இருந்ததால் அவருக்குத் தாரண்ணன் என்றே பேர் விழுந்துவிட்டது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பேச்சுக்குப் பஞ்சமான வீடு. பேசுகிறவள் ஒருத்தி, சுவரைப் பார்க்கிறவர் ஒருத்தர்.

பூப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்ததே பஸ்ஸால்தான். புறவழிச்சாலை போட்டதும் பஸ் பாதி வழியிலேயே திரும்பிப் போக ஆரம்பித்தது. மிச்ச தூரத்தை அவள் சாலையோரமாக நடந்தே கடக்க வேண்டும். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். கண்ணில் மண் விழாமல் இருக்கத் தலையைக் குனிந்து நடப்பாள். குனிந்து நடக்கிறவள் கண்ணில் வேறென்ன படும்? காலடியில் இருப்பதுதானே படும். மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக ஒன்று, ஊதாவில் சின்னச் சின்னதாக இன்னொன்று. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், பட்டன் சைஸில் பூத்துக் கிடந்தன.

தையல்கடைக்குப் பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்துகிற அம்மாள் பூப்பைத்தியம். மேசைக்கடியில் படம் போட்ட தடிப்புத்தகம் ஒன்று வைத்திருப்பாள். கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடி தொங்கும். ஒருநாள் காஜாக்கா கைநிறைய மஞ்சள் பூக்களைப் பறித்துக்கொண்டு போய் அவள் மேசையில் கொட்டினாள்.

"கண்ணாடியம்மா, இது என்ன பூன்னு தெரியுமா? நான் சொல்றேன், நெருஞ்சி. அதோட முள்ளு செருப்புல ஏறும்."

கண்ணாடியம்மா பூக்களை விரலால் பிரித்து மூன்று குவியலாக வைத்தாள்.

"இதுல நெருஞ்சி ஒண்ணுதான். மத்த ரெண்டும் வேற வேற."

"எல்லாம் மஞ்சள்தானே, எல்லாத்துக்கும் அஞ்சு இதழ்தானே."

"உங்க கடையில வெள்ளைப் பட்டன் எல்லாம் ஒரே பட்டனா, காஜாக்கா?"

காஜாக்கா குனிந்து மூன்று குவியலையும் பார்த்தாள். ரெண்டு துளைப் பட்டனையும் நாலு துளைப் பட்டனையும் கலந்து வைத்தால் தையல்காரப் பையன்களை அவளே திட்டுகிறவள்.

"நிறத்தைப் பாக்காதீங்க, நிறம் ஏமாத்தும்," என்றாள் கண்ணாடியம்மா. "முதல்ல இலையைப் பாருங்க. இது நெருஞ்சி, இலை சீப்பு மாதிரி ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா இருக்கும். இது புளியாரை, ஒரு காம்புல மூணு இலை. இது துத்தி, இலையைத் தொட்டுப் பாருங்க."

காஜாக்கா தொட்டுப் பார்த்தாள். வெல்வெட் துணி மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு, இனிமே பறிக்காதீங்க. கண்ணைப் பூகிட்ட கொண்டு போங்க, பூவைக் கண்ணுகிட்டக் கொண்டு வராதீங்க. பறிச்சா நாளைக்குப் பாக்க அங்க ஒண்ணும் இருக்காது."

அன்றைக்குப் பிடித்த பித்துதான். சாலையோரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வேலைக்குப் போகிறவளைப் பார்த்துக் கடையிலிருந்த தையல் மாஸ்டர், "என்ன காஜாக்கா, பூவுக்கெல்லாம் பட்டன் கட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்பார். "உங்க வாய்க்கு முதல்ல ஒண்ணு கட்டணும் மாஸ்டர்," என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் முதல் மாதம் முழுக்கத் தப்புத்தான். கரிசலாங்கண்ணியைத் தும்பை என்றாள். வெள்ளைப் பூ எதைப் பார்த்தாலும் தும்பைதான் அவளுக்கு. கண்ணாடியம்மா சலிக்காமல் திருத்துவாள். காஜாக்கா பிடிவாதக்காரி, மறுநாள் போய் அதே செடி முன்னால் உட்கார்ந்து இலையைப் பார்த்து, காம்பைப் பார்த்து, "சரி, நீ தும்பையில்லை, ஒத்துக்கிறேன்" என்று செடியிடமே சொல்லிவிட்டு வருவாள்.

இப்படி அவள் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீட்டில் அந்தக் கேள்வி பிறந்தது. இன்னைக்கு என்ன பூ?

தாரண்ணன் சும்மா கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். பேர் கேட்டார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஒண்ணு ரெண்டா இருக்கா, அடர்த்தியா இருக்கா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கேள்வி வரும்.

"எந்தப் பக்கம் பூத்திருக்கு?"

"டயர் கடைக்குப் பின்னால சரிவு இருக்கில்ல, அங்க. தும்பை வெள்ளை வெளேர்னு கிடக்கு."

"சரிவோட மேலயா, கீழயா?"

"மேலதான். ரோட்டை ஒட்டி."

அவர் தலையாட்டுவார். அவளுக்கு மனசு நிறைந்துவிடும். மகளுக்கு போன் போட்டபோது, "உங்கப்பா திருந்திட்டாரு. பூவைப் பத்தியெல்லாம் பேசறாரு" என்றாள். "அப்பாவா? ஜுரம் ஏதும் அடிக்குதா பாரும்மா" என்று மகள் சிரித்தாள். காஜாக்காவும் சிரித்தாள். அந்தக் கேள்விக்காகவே அவள் வழியில் இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாள் என்று சொன்னால் அது மிகையில்லை. புதிதாக ஒன்றைக் கண்டால், இதைச் சாயங்காலம் எப்படிச் சொல்லலாம் என்று அங்கேயே யோசித்து வைத்துக்கொள்வாள்.

அவருக்கு முழங்கால் வலி. தார் கோஷ்டியிலிருந்து அவரை எடுத்து லேசான வேலையில் போட்டிருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "வண்டி வேலை" என்றார். அவர் சட்டைக் கைகளில் நீலமாகக் கறை படிந்து வரும். இது என்னங்க என்றாள். "வண்டிக்கு பெயின்ட் அடிக்கறாங்க" என்றார். சரி, வண்டி என்றால் பெயின்ட் இருக்கத்தானே செய்யும். அவள் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். முழுக்கப் போகாது. மறுபடி தேய்ப்பாள்.

அந்த நாட்களில் சாலையோரத்துப் பூக்கள் ஒன்றொன்றாக வாட ஆரம்பித்தன. தும்பை நிறைந்திருந்த சரிவு ஒரு வாரத்துக்குள் பழுப்பேறி முறுகிப்போயிற்று. பாலத்துத் தூண் பக்கம் இருந்த துத்தி தலை தொங்கியது. காஜாக்கா தன்னைத்தான் நொந்துகொண்டாள். பூவுக்கெல்லாம் ஒரு காலம் உண்டு போலிருக்கிறது, முடிந்ததும் போய்விடும் போலிருக்கிறது, புதுசாகக் கற்றுக்கொள்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள். கண்ணாடியம்மாவிடம் கேட்டபோது அவளும், "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றாள்.

மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு, மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் காஜாக்கா ஒரு செடியைக் கண்டாள். இரண்டே இலை. தடித்த இலை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. நடுவிலிருந்து ஒரு தண்டு நிமிர்ந்து நின்றது. அதில் மொட்டுகள், சட்டையில் பட்டன் வைத்த மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக. எதுவும் விரியவில்லை. கண்ணாடியம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் மண்ணில் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"எனக்குத் தெரியல, காஜாக்கா."

"உங்களுக்கே தெரியலையா?"

"இந்தப் பக்கம் நான் இதைப் பாத்ததே இல்ல. பூக்கட்டும். பூத்தாதான் சொல்ல முடியும். இதை நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. தினமும் ஒரு எட்டு பாத்து வைங்க."

அன்றைக்குக் காஜாக்காவின் கால் தரையில் பாவவில்லை. தப்புத் தப்பாகப் பேர் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, கண்ணாடியம்மாவுக்கே தெரியாத ஒன்று அகப்பட்டிருக்கிறது. அது விரிந்து, பேர் தெரிந்து, தன் வாயால் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள். சொல்லாமல் இருப்பாளா?

"எந்தப் பக்கம்?" என்றார்.

"மதகுகிட்ட. இறங்குற பள்ளம்."

"அங்க புல்லும் மண்டிக் கிடக்கா?"

"இடுப்பளவு கிடக்கு."

தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகிற வழியில் அவள் ஒரு துத்திச் செடியைப் பார்த்து நின்றுவிட்டாள். இலையெல்லாம் நீலப் புள்ளி. வெல்வெட்டில் நீல மை தெளித்த மாதிரி. துத்தியிலேயே இது ஒரு புது ஜாதி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பார்த்துப் பழகாத கண் அப்படித்தான், கறையையும் பூவோடு சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பறிக்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஓர் இலையைக் கிள்ளி டிபன் டப்பா மூடிக்குள் வைத்துக் கொண்டுபோனாள்.

கண்ணாடியம்மா பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடி துடைக்கிற ஈரத்துணியை எடுத்து இலையின் மேல் ஒரு தேய் தேய்த்தாள். நீலம் துணிக்கு வந்துவிட்டது. இலை பழைய பச்சையாகக் கிடந்தது.

"இது இலையோட நிறம் இல்ல, காஜாக்கா. மருந்து. களை சாகறதுக்கு அடிக்கற மருந்து. எங்க அண்ணன் வீட்டுத் தோட்டத்துல அடிப்பாங்க. அடிச்ச இடம் எது, அடிக்காத இடம் எதுன்னு தெரியணும்னு நீலத்தைக் கலந்துக்குவாங்க." அவள் நிமிர்ந்தாள். "அதான் தும்பை எல்லாம் கருகிச்சா? யாரு இந்த ரோட்டுல அடிக்கறது?"

காஜாக்கா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீலம் அவளுக்குத் தெரியும். அதை ஞாயிறுதோறும் கைமுட்டி வலிக்கத் தேய்க்கிறவள் அவள்.

"தெரியலையே," என்றாள். அவள் கண்ணாடியம்மாவிடம் சொன்ன முதல் பொய் அது. தன் வீட்டுக் குட்டை அடுத்தவள் கடையில் போட்டு உடைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு மதியமே தலைவலி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சாலையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். டயர் கடைச் சரிவு, அவரிடம் சொன்ன இடம், கருகிக் கிடந்தது. பாலத்துத் தூண், சொன்ன இடம், கருகிக் கிடந்தது. விளக்குக் கம்பத்தடியில் விஷ்ணுகிரந்தி நீலமாகக் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு நாத்தனார் வந்திருந்தாள், அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. மூக்குத்திப் பூ எங்கு பார்த்தாலும் பூத்திருந்தது. அதைப் போய் என்னத்தைச் சொல்ல என்று விட்டுவிட்டிருந்தாள். சொல்லத் தோன்றாததெல்லாம் உயிரோடு இருந்தது. ஆசை ஆசையாகச் சொன்னதெல்லாம் செத்துக் கிடந்தது.

மதகுக்கு ஓடினாள்.

பள்ளத்தில் செடி அப்படியே இருந்தது. மொட்டில் மேலும் கொஞ்சம் வெளுப்பு ஏறியிருந்தது. இன்னும் சில நாளில் விரிந்துவிடும். ஆனால் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புத் துணி கட்டிய மரக்கட்டை ஒன்று புதுசாக அடித்து வைத்திருந்தது. அந்தச் சிவப்புத் துணியை அவளுக்குத் தெரியாதா? அவள் தையல்கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெட்டுத் துணி. ஏதோ வண்டிக்குக் கட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் வந்தார். முகம் கழுவினார். துண்டைத் தோளில் போட்டார். நாற்காலியை இழுத்தார்.

"இன்னைக்கு என்ன பூ பாத்த?"

"மதகுகிட்ட ஒரு கட்டை பூத்திருக்கு," என்றாள் காஜாக்கா. "செவப்புத் துணி வெச்சு."

அவர் துண்டை எடுத்து மறுபடி முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"மருந்தடிக்கற வண்டியிலயா உங்களைப் போட்டிருக்காங்க?"

"ஆமா."

"பெயின்ட்டுன்னீங்க."

"சொன்னா நீ சண்டை போடுவேன்னு தெரியும். அப்பதான் நீ பூ பூன்னு பித்துப் பிடிச்சு அலைஞ்சுட்டிருந்த." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு, வாரா வாரம் ரோடு பூரா நடந்து, களை எங்க மண்டியிருக்குன்னு பாத்துக் கட்டை அடிக்கணும். அதுதான் என் வேலை. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி நடப்பேன்? நீ தினமும் அதே வழியிலதான் போய்ட்டு வர்ற. சொல்லிட்டும் இருக்க."

"அதுக்குத்தான் கேட்டீங்களா?"

"முதல்ல சும்மாதான் கேட்டேன்."

"எத்தனை நாள் சும்மா கேட்டீங்க?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கால் வலிக்குது, எனக்குப் பதிலா நீ பாத்துட்டு வான்னு கேட்டிருந்தா, பாத்துட்டு வந்திருப்பேன். புல்லு எங்க இருக்கு, முள்ளு எங்க இருக்குன்னு சொல்லியிருப்பேன். பூவைக் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன்."

"களைதானேம்மா அதெல்லாம். ரோட்டோரத்துல தானா முளைக்கறது. யார் வீட்டுத் தோட்டத்தையும் நான் அழிக்கலையே." கொஞ்சம் பொறுத்து, அவருக்கே ஒரு நியாயம் பிறந்தது. "எந்த வீட்டுல புருஷன் உக்காந்து இவ்வளவு நேரம் பொண்டாட்டி பேச்சைக் கேக்கறான், சொல்லு?"

அதுதான் அவளுக்கு வலித்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் காது கொடுத்தானே என்று மகிழ்ந்துபோனவள் அவள். அந்தக் காதுக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

அழவில்லை அவள். "மத்தது போகட்டும்," என்றாள். "மதகுகிட்ட இருக்கற செடியைத் தொடாதீங்க. அது பூக்கட்டும். அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

"தொடலம்மா. நாளைக்கு அந்தப் பக்கமே போகாம பாத்துக்கறேன். அந்தக் கட்டையை நானே பிடுங்கி எறிஞ்சிடறேன். போதுமா?"

"மகள் மேல சத்தியமா?"

"அட, சொல்றேன் இல்ல."

மறுநாள் காலை போகும்போது கட்டை நின்றுகொண்டிருந்தது. சரி, இனிமேல்தானே வருவார் என்று போய்விட்டாள். கடையில் அன்று அவள் எடுத்த காஜாவெல்லாம் கோணல். மாஸ்டர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இந்தத் துளைக்குள்ள பட்டன் போகுமா, பஸ்ஸே போகுமா காஜாக்கா?" என்றார். அவள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் மெல்லச் சட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

வேலை விட்டு வரும்போது தூரத்திலிருந்தே பார்த்தாள். கட்டையைக் காணவில்லை. சிவப்புத் துணியும் இல்லை. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஒரு காற்று வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். என்ன இருந்தாலும் கட்டினவர், ஒரு வார்த்தைக்கு மரியாதை வைத்திருக்கிறார். நடந்ததெல்லாம் நடந்ததாகவே இருக்கட்டும், இன்றைக்கு நல்லபடியாகச் சமைத்துப் போட வேண்டும், முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட வேண்டும் என்றெல்லாம் அந்த நாலெட்டுக்குள் நினைத்துவிட்டாள்.

கிட்டே போனாள். பள்ளம் முழுக்க நீலம். புல் நீலம், கல் நீலம். இரண்டு தடித்த இலையும் நீலத்தில் நனைந்து பளபளத்தன. மொட்டிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி மருந்து வண்டி நின்றிருந்தது. பின்னால் டிரைவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்?"

"இங்க இருந்த கட்டையை யாரு பிடுங்கினது?"

"அண்ணன்தான். அடிச்சு முடிச்ச கையோட பிடுங்கிடணும் அண்ணி. இல்லன்னா அடுத்த கோஷ்டி வந்து அடிச்ச இடத்துலயே திரும்ப அடிப்பான்." அவன் வெள்ளந்தியாகச் சிரித்தான். "அண்ணன் மாதிரி ஆளே இல்ல, தெரியுமா? ரோட்டுல கால் வைக்கறதில்ல. உக்காந்த இடத்துலயே சொல்லிடறாரு, எங்கெங்க என்ன முளைச்சிருக்குன்னு. ரோடே அவர் உள்ளங்கையில இருக்குன்னு மேஸ்திரி எல்லார்கிட்டயும் சொல்றாரு."

அவள் வண்டியின் முன்பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மேஸ்திரி உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாரண்ணன். அவர் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்தது அவளுக்குத் தெரியும், பார்த்தது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் இறங்கவில்லை. மேஸ்திரி சொன்னதற்குச் சிரிப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காஜாக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தாள். முந்தானையை நனைத்து ஓர் இலையைத் துடைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு தண்டு, பிறகு ஒவ்வொரு மொட்டாக, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. சட்டைக் கையில் படிந்த நீலத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பழகின விரல்கள் அவை, எவ்வளவு அழுத்தினால் போகும் என்று அவற்றுக்குத் தெரியும். டிரைவர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தான். "அண்ணி, அந்த மருந்து கையில படக் கூடாது" என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அன்று வீட்டில் அவர்தான் முதலில் பேசினார்.

"மேஸ்திரி வண்டியிலயே வந்துட்டான். பக்கத்துலயே உக்காந்திருக்கான். கட்டை நிக்குது, ஏன் இங்க மட்டும் விடறேன்னு கேட்டா என்ன சொல்ல? என் பொண்டாட்டி பூவுன்னா? நாலு பேர் சிரிக்க மாட்டானா?"

காஜாக்கா சாப்பாட்டை எடுத்து வைத்தாள். தண்ணீர் வைத்தாள்.

"வண்டியை விட்டு என்னை எடுத்துட்டா மறுபடி தார் ஊத்தத்தான் போகணும். இந்தக் காலோட."

"சாப்பிடுங்க," என்றாள்.

"கோபமா?"

"சாப்பிடுங்க, ஆறிடும்."

மேஸ்திரிக்கு முன்னால் அவளால் சிரிப்புக்கு ஆளாகிவிடுவோம் என்று பயந்தவர், அவளுக்கு முன்னால் என்ன ஆகப்போகிறோம் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. நல்ல மனுஷர்தான், குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. அதையெல்லாம் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் அந்த வலி தெரியும்.

அவள் தினமும் போகவர அந்தப் பள்ளத்தில் இறங்கினாள். ஓர் இலை மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, அழுகிப் போயிற்று. மற்றது நின்றது. மொட்டுகளில் மேலே இருந்தவை கருகி உதிர்ந்தன. சுற்றி இருந்த புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட, நடுவில் அந்த ஒற்றை இலைச் செடி மட்டும் கோணலாக நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியம்மா வந்து பார்த்தாள். யார் அடித்தது என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. காஜாக்காவின் முகத்தைப் பார்த்தாள், அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை, தண்டின் அடியில் இருந்த இரண்டு மொட்டுகள் விரிந்திருந்தன. வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் சின்னப் பூச்சி ஒன்று சிறகு விரித்த மாதிரி. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் மெல்லிசாக ஒரு வால் தொங்கியது. நிறத்தை விட்டுவிட்டுக் காஜாக்கா முதலில் இலையைப் பார்த்தாள், பிறகு தண்டை, பிறகு அந்த வாலை. கடையைத் திறக்கும் முன்பே கண்ணாடியம்மாவை வாசலில் மடக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, பூவையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்கிட் வகை, காஜாக்கா. கண்ணாடித் தொட்டியில வெச்சு விப்பாங்களே, அந்தச் சாதி. இது மண்ணுல தானா முளைக்கறது. இந்த ரோட்டோரத்துல, இந்தக் குப்பையில."

பேர் நீளமாக இருந்தது. கண்ணாடியம்மாவை நாலைந்து தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள் காஜாக்கா. கடை வரைக்கும் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனாள். மாஸ்டர், "என்ன, மந்திரமா?" என்றார். "ஆமா, உங்களை ஊமையாக்கற மந்திரம்," என்றாள். கடையில் வெகுநாள் கழித்து எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவர் வந்தார். நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு இழுக்கவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்தார். காஜாக்கா விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சட்டைகளுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செடி," என்றார் அவர். "பூத்துச்சா?"

"பூத்துச்சு."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. "செத்திருக்கும்னு நினைச்சேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பேரு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவர் காத்திருந்தார். அவள் அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து நூலைக் கோத்தாள். வேலைக்காகக் கேட்கிறாரா, சும்மா கேட்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் எதற்குக் கேட்டாரோ அதுவும் இதே குரலில்தான் வந்தது.

"எந்தப் பக்கம்னு கேக்கலையே," என்றார் மெல்ல. "பேரு மட்டும்தானே கேக்கறேன்."

அவள் முதல் பட்டனை வைத்து ஊசியை இறக்கினாள்.

"வெள்ளையா?" என்றார். பதில் வராமல் போகவே அவரே தொடர்ந்தார். "தும்பை இல்ல. தும்பைக்கு இலை நீட்டமா இருக்கும், தரையில படுக்காது. கரிசலாங்கண்ணியும் இல்ல, அது ஈரத்துல வரும், ஆனா இலை சொரசொரன்னு இருக்கும்னு சொன்ன. துத்தி மஞ்சள். புளியாரைக்கு மூணு இலை. விஷ்ணுகிரந்தி பத்தி நீ எங்கிட்ட சொல்லவே இல்ல, உன் மககிட்ட போன்ல பேசறப்ப கேட்டேன்."

ஒன்றைக்கூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. காஜாக்கா நாலு துளையிலும் குறுக்கே நூலை ஓட்டி, அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அடுத்த பட்டனை எடுத்தாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார்.